கதவு நிலை வளைந்த கதை

உங்கள் வரலாற்று வாத்தியார் செண்பகனூரிலிருந்து எழுதுகிறேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வலது கண்ணை நம்பித் தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடைத்தாளில் நான் பொறுத்துக்கொண்டதில்லை, அது வேறு விஷயம்.

போன வருடம் ஒரு காலை வேளையில் பல் துலக்கிவிட்டு முகம் துடைக்கும்போது வலது கண்ணைத் துண்டு மறைத்தது. இடது கண்ணால் மட்டும் எதிரே பார்த்தேன். கதவு நிலை நடுவில் வளைந்து நின்றது. மழையில் மரம் வாங்கிவிட்டது என்று நினைத்து, ஆசாரியைக் கூப்பிடலாமா என்றுகூட வீட்டில் கேட்டேன். துண்டை எடுத்ததும் நிலை நேராகிவிட்டது. கண்ணாடிப் பவர் மாறியிருக்கும் என்று ஏழு வாரம் சும்மா இருந்தேன். அந்த ஏழு வாரத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. மதுரைக்குப் போனபோது டாக்டர் சொன்ன பெயர், வயது சார்ந்த மாக்குலா சிதைவு. அதில் 'ஈர' வகை.

கேட்டவுடன் எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. இந்தப் பதிவே அம்மாவுக்காகத்தான்.

உறவினர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1988 வாக்கில் அம்மாவுக்கு முகங்கள் தெரியாமல் போயின. எதிரே நிற்கும் என்னை "யாரு?" என்பாள். அதே அம்மா முற்றத்து மூலையில் காக்கை வந்து அப்பளத்தைத் தூக்குவதைச் சரியாகப் பார்த்து விரட்டுவாள். "காக்கா தெரியுது, பெத்த பிள்ளை தெரியலையா?" என்று நாங்கள் சிரித்தோம். வேண்டாத விருந்தாளி வந்தால் அம்மாவுக்குக் கண் தெரியாது என்று கேலிக்கதைகூடக் கட்டினோம். அம்மா நடிக்கவில்லை. விழித்திரையின் நடுவே சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் மஞ்சள் நிறப் பகுதிதான் மாக்குலா. முகம், எழுத்து, ஊசிக்காது எல்லாம் அதன் வேலை. அது போனால் நேராகப் பார்ப்பது போகும், ஓரத்தில் இருப்பது தெரியும். காக்கை ஓரத்தில் இருந்தது, நான் நடுவில் நின்றேன். அவ்வளவுதான்.

அன்று பார்த்த டாக்டர், "வயசாயிடுச்சு, இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அவர்மேல் எனக்குக் கோபம். இந்த ஒரு வருடமாக இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு (மகள் வாசித்துக் காட்டினாள்) அந்தக் கோபம் ஆடிப்போய்விட்டது.

விழித்திரையை உயிரோடு பார்க்க முடிந்ததே 1851க்குப் பிறகுதான். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கான கருவியை அப்போதுதான் உலகுக்குச் சொன்னார். இத்தனைக்கும் நம் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனை 1819லேயே தொடங்கிவிட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் 1805. கண்ணுக்கு ஆஸ்பத்திரி வந்து முப்பது வருடம் கழித்துத்தான் கண்ணின் உள்ளே எட்டிப்பார்க்க வழி கிடைத்தது. 1885இல் சுவிட்சர்லாந்தின் ஓட்டோ ஹாப் முதியவர்களின் மாக்குலா சிதைவை விவரித்து எழுதினார். பெயர் வைத்தாயிற்று, மருந்து இல்லை. அடுத்த நூறு வருடம் ஏறக்குறைய அதே நிலைதான்.

இடையில் ஒரு கதை இருக்கிறது. கொடைக்கானல்காரர்களான நமக்கு அது ரொம்பப் பொருத்தம். ஒவ்வொரு வருடமும் உங்களைச் சூரிய ஆய்வகத்துக்கு வரிசையாக நடத்திக்கொண்டு போவேனே, 1899இல் நிறுவப்பட்டது, 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்த இடம் என்று மூச்சுவிடாமல் சொல்வேனே. திரையில் விழும் சூரியனைப் பாருங்கள், வானத்துச் சூரியனைப் பார்த்தால் தோலை உரிப்பேன் என்று கத்தியதும் நினைவிருக்கலாம். 1980 பிப்ரவரி 16 கிரகணத்தன்று தெருவில் ஈ காக்கை இல்லை. அந்தப் பயத்தில் மூடநம்பிக்கை பாதி, நியாயம் பாதி. வெறும் கண்ணால் பார்த்தால் சூரியன் சுடுவது இதே மாக்குலாவைத்தான்.

1945 ஜூலை 9 அன்று ஐரோப்பாவில் ஒரு கிரகணம். அதைப் பார்த்துக் கண் கெட்டவர்களை மேயர்-ஷ்விக்கராத் என்ற இளம் ஜெர்மன் டாக்டர் பரிசோதித்தார். விழித்திரையில் சின்னதாக, துல்லியமாக ஒரு சூடு விழுந்திருந்தது. தற்செயலாகக் கெடுக்கும் சூட்டை வேண்டிய இடத்தில் வைத்தால் வைத்தியம் ஆகாதா என்று யோசித்தார். கண்ணாடிகளை வைத்து வெயிலைத் திருப்பி நோயாளியின் விழித்திரையில் சூடு வைத்தார். மேகம் வந்தால் வைத்தியம் நிற்கும். நம் ஊராக இருந்தால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஆஸ்பத்திரியையே பூட்டியிருக்க வேண்டும்! பிறகு செனான் விளக்கு வந்தது, 1960க்குப் பின் லேசர் வந்தது.

நோயில் இரண்டு வகை உண்டு. 'உலர்' வகையில் மாக்குலா மெல்லத் தேயும், பெரும்பாலோருக்கு இதுதான். 'ஈர' வகையில் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். இது வேகமாகப் பார்வையைப் பறிக்கும். அந்தக் குழாய்களை லேசரால் சுட்டால் கசிவு நிற்கிறது என்று 1980களில் நிறுவினார்கள். ஆனால் குழாய் மாக்குலாவின் நட்ட நடுவில் இருந்தால், சுட்ட இடத்தின் பார்வையும் சேர்ந்து எரிந்துபோகும். 1988இல் அம்மாவுக்குக் கொடுக்க அந்த டாக்டரின் கையில் ஒன்றும் இல்லை. அவர் சொன்னது உண்மை. சொன்ன விதம் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

அடுத்த வருடமே, 1989இல், நெப்போலியோனே ஃபெராரா என்ற இத்தாலிய விஞ்ஞானி அமெரிக்காவில் வேலை செய்தபோது, ரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் புரதத்தை இனங்கண்டார். அதன் சுருக்கப்பெயர் வி.இ.ஜி.எஃப். அதை அடக்கும் மருந்து 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்தது, பெயர் அவாஸ்டின். கண்ணுக்கென்று அதன் தம்பியைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். அது வருவதற்குள் மயாமி நகரத்து ரோசன்ஃபெல்ட் என்ற டாக்டர் 2005இல் புற்றுநோய் மருந்தையே துளியளவு எடுத்துக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. 2006இல் லூசென்டிஸ் அனுமதி பெற்றது. அதன் பரிசோதனையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பார்வை நன்றாகவே கூடியது. அதுவரை இந்த நோயில் பார்வை 'கூடியது' என்ற சொல்லுக்கே இடமில்லை.

ஒரு புட்டி அவாஸ்டினைப் பிரித்தால் பல பேருடைய கண்ணுக்கு வரும். அதனால் விலை பல மடங்கு குறைவு. இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்க அரசுச் செலவில் நடந்த ஆய்வு, பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம் என்று 2011இல் சொன்னது. லூசென்டிஸைப் போன்ற உயிரி ஒத்த மருந்தை 2015இல் இந்திய நிறுவனமே கொண்டுவந்துவிட்டது. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு இந்தப் பத்தி முக்கியம். டாக்டரிடம் விலை கேட்க வெட்கப்படாதீர்கள்.

மதுரையைச் சொல்லாமல் விடக்கூடாது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப்பணி ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரைக்காகவே பேர்பெற்ற அந்த இடத்தில் விழித்திரைக்கென்று நின்றவர் டாக்டர் நம்பெருமாள்சாமி. 2010இல் டைம் இதழ் நூறு பேர் பட்டியலில் சேர்த்ததே, அவர்தான். கண்புரை எடுத்தால் பார்வை திரும்பும். மாக்குலாவில் அப்படி இல்லை, போன பார்வை பெரும்பாலும் போனதுதான். பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, "முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஈர வகையில் ஒவ்வொரு வாரமும் கணக்கு.

கண்ணில் ஊசியா என்று பயந்தேன். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கழுவி, வெள்ளை விழி ஓரத்தில் போட்டார்கள். ஒரு அழுத்தம், அவ்வளவே. இதுவரை எட்டு ஊசி ஆகிவிட்டது. நிலை இப்போது கொஞ்சம்தான் வளைகிறது. நடுவில் ஒரு அழுக்குத் திட்டு நிற்கிறது, அது போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் கேட்டேன். இத்தனை வருடம் மலை வெயில், சூரிய ஆய்வகம் என்று இழுத்தேன். வெயிலைப் பற்றிச் சாட்சி தெளிவாக இல்லையாம். உறுதியாகத் தெரிந்தவை வயது, பரம்பரை, புகை. கேரட் தின்றால் போகாதா என்று கேட்ட மருமகளுக்கு: அமெரிக்காவில் 2001இல் சத்து மாத்திரை ஆய்வு ஒன்று வந்தது. நோய் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் முற்றுவதைக் கொஞ்சம் குறைத்தது. 2013இல் அந்த மாத்திரையிலிருந்து கேரட்டின் சத்தான பீட்டா கரோட்டினையே எடுத்துவிட்டார்கள், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று ஆபத்தைக் கூட்டியதால். பதிலுக்குச் சேர்த்த லூட்டீன் கீரையிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிறது. நம் மலைக் கேரட்டைத் தாராளமாகத் தின்னலாம், மாத்திரைதான் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

இனி வீட்டுப்பாடம். மார்க் அம்ஸ்லர் என்ற சுவிஸ் டாக்டர் 1940களில் கண்டுபிடித்த கட்டத்தாள் இன்றும் பயன்படுகிறது. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. கணக்கு கிராஃப் நோட்டிலேயே செய்துவிடலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, புத்தகம் படிக்கும் தூரத்தில் புள்ளியைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் போங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

அக்கா, நீ அம்மா ஜாடை மட்டுமா வாங்கினாய் என்று தெரியாது. பேரனிடம் சொல்லிக் கட்டம் போடச் சொல். தம்பி, சென்னையில் உட்கார்ந்து இதைப் படிப்பாய், லைக் மட்டும் போடாதே. உனக்கு அறுபத்தெட்டு, அம்மாவின் பிள்ளை, நாற்பது வருடமாக சிகரெட். மூன்று காரணமும் உன்னிடம் சேர்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும்தான் நீ மாற்ற முடியும்.

வருகிற வியாழன் எனக்கு ஒன்பதாவது ஊசி. விடிகாலைப் பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாக மதுரை போகிறேன். யாராவது கூட வருவதென்றால் போன் செய்யுங்கள், ஜன்னல் சீட்டை விட்டுத்தருகிறேன்.