வாத்தியாருக்கு யார் பாடம் எடுப்பது?

குன்னூரிலிருந்து இறங்கும் பேருந்து பர்லியாரில் பத்து நிமிடம் நிற்கும். 1871இல் அரசுத் தோட்டமான பழைய பழப்பண்ணை, சோதனைச் சாவடி, சீசனில் மங்குஸ்தான் கூடைகள், வருடம் முழுக்க டீக்கடைகள். 1990களின் நடுவில் ஒருநாள் பெட்டியோடு அங்கே இறங்கி டீ சொன்னேன். மலை மேல் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து நான்காவது வருடம்.

“என்னங்க சார், பெட்டியோட? ஊருக்குங்களா?”

“இல்லண்ணே. கீழ ஒரு யுனிவர்சிட்டியில நாலு வாரம் கிளாஸ்.”

“பசங்களுக்குங்களா?”

“எனக்குத்தான்.”

அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். “வாத்தியாருக்கே கிளாஸா? அப்ப உங்களுக்கு யாருங்க சார் பாடம் எடுப்பாங்க?”

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பஸ் ஏறினேன். கேள்வி மட்டும் இறங்கவில்லை. இந்திய உயர்கல்வி சுதந்திரத்துக்குப் பிறகு தொடர்ந்து தன்னைக் கேட்டுக்கொண்டு, இன்னும் சரியாகப் பதில் சொல்லாத கேள்வி அது.

*

நம் ஊரில் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதச் சொல்லித்தர ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும். பத்தாம் வகுப்புக்கு பி.எட். வேண்டும். கல்லூரிக்குப் போனால் முதுகலைப் பட்டம், முனைவர் பட்டம் எல்லாம் கேட்பார்கள். பாடம் நடத்தத் தெரியுமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். 1989இல் வந்த நெட் தேர்வில் கற்பித்தல் திறன் பற்றிச் சில கேள்விகள் உண்டு. அவற்றுக்கும் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ‘பாடம் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும்’ என்பது நம் பல்கலைக்கழகங்களின் பழைய நம்பிக்கை.

1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் செயல்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் புத்தொளிப் பயிற்சிகளைப் பரிந்துரைத்தது. ஆனால் அவை உயர்நிலைப் பள்ளி, இன்டர்மீடியட் கல்லூரி ஆசிரியர்களுக்கு. நடத்த வேண்டியது பல்கலைக்கழகங்கள். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள், நாம் மேலே இருந்து கற்றுக்கொடுப்போம் என்கிற பார்வை. 1960களில் அமெரிக்க உதவியோடு கோடைக்காலப் பயிலரங்குகள் நடந்தன. அறிவியல் ஆசிரியர்கள் புதிய பாடங்களைக் கற்றார்கள். அங்கும் பாடம்தான் பேசப்பட்டது, பாடம் கேட்கும் பையன் பெரிதாகப் பேசப்படவில்லை.

முதலில் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பியது 1964–66இன் கோத்தாரி ஆணையம்தான். அதன் தலைவர் டி.எஸ்.கோத்தாரி அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் தலைவர். புதிதாகச் சேரும் இளநிலை விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி தர வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே நிரந்தரமாக ‘ஸ்டாஃப் காலேஜ்’ அமைக்கலாம் என்றது அறிக்கை.

*

ஸ்டாஃப் காலேஜ் என்ற சொல் நீலகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. பர்லியார் தாண்டி மேலே போனால் குன்னூரை ஒட்டி வெலிங்டன். 1905இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போன ராணுவ ஸ்டாஃப் காலேஜ், பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால் 1947இல் இங்கே வந்து சேர்ந்தது. பல வருடம் பணி செய்த நடுநிலை அதிகாரிகள் போட்டித் தேர்வு எழுதி இடம்பிடித்து, ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிப் படிக்கிறார்கள். நிர்வாகிகளுக்கு 1956இல் ஹைதராபாத்தில் இந்திய நிர்வாக ஸ்டாஃப் காலேஜ் வந்தது.

பெயர் ஒன்றுதான், ஏற்பாடு வேறு. ராணுவத்தில் ஒரு அதிகாரியை வருடக்கணக்கில் படிக்க அனுப்புவது செலவல்ல, தேவை என்று நினைக்கிறார்கள். கல்லூரியில் ஒரு ஆசிரியர் நாலு வாரம் போனால், “உங்க ஹவர்ஸை யார் சார் எடுக்கிறது?” என்பதுதான் முதல் கேள்வி.

கோத்தாரி சொன்னது நடக்க இருபது வருடமாயிற்று. 1986இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அதையொட்டி மானியக் குழு முதலில் 48 பல்கலைக்கழகங்களில் ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ திறக்க முடிவு செய்தது. தமிழ்நாட்டில் சென்னை, பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களில் இவை இயங்கின. புதியவர்களுக்கு நாலு வார அறிமுகப் பயிற்சி. அனுபவம் உள்ளவர்களுக்குத் துறை சார்ந்த மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1987இன் ஊதியத் திருத்தத்தில், 2200–4000 விகிதத்தில் இருக்கும் விரிவுரையாளர் எட்டு வருடம் கழித்து 3000–5000க்குப் போக வேண்டுமானால் இரண்டு பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. வகுப்பறையைத் திருத்த வந்த திட்டம் சம்பளப் பட்டியலோடு முடிச்சுப் போடப்பட்டது.

அந்த முடிச்சை வெறுமனே திட்ட எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் எந்த முதல்வர் எங்களை விடுவித்திருப்பார்? விடுவித்தாலும் எத்தனை பேர் போயிருப்போம்? நானே போயிருக்க மாட்டேன். ஆனால் அதே முடிச்சுதான் பயிற்சியைச் சான்றிதழாகச் சுருக்கியது. வந்தவர்களில் பலர் முதல் நாளே கேட்டது, “சர்டிஃபிகேட் கடைசி நாளே கையில கொடுத்துடுவாங்களா?” என்றுதான்.

*

என் நாலு வாரத்தில் பாதி, தூக்கத்தில் போனது. ‘கற்பித்தலில் புதுமை’ என்ற தலைப்பில் ஒருவர் மஞ்சள் காகிதத்திலிருந்து இரண்டு மணிநேரம் வாசித்தார். காலையில் ஒரு கையெழுத்து, மதியம் ஒரு கையெழுத்து.

ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு காரியம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன் பாடத்தில் இருபது நிமிடம் நடத்த வேண்டும். எதிரே மாணவர்கள் இல்லை; வேறு துறைகளைச் சேர்ந்த முப்பது வாத்தியார்கள். நான் பொருளாதாரம். தேவை நெகிழ்ச்சியை எடுத்தேன். பலகை நிறைய வளைகோடு போட்டு, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி முடித்துத் திரும்பினேன். பின் வரிசையில் இருந்த விலங்கியல் மேடம் ஒருவர் எழுந்து, “சார், தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. புரியலன்னு கைதூக்கவும் பயமா இருந்துச்சு” என்றார்.

அவர் பேசும்போது எனக்கு என் வகுப்பின் கடைசி பெஞ்சு தெரிந்தது. எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் தேயிலைத் தோட்டத்து லயன்களிலிருந்து வருபவர்கள் நிறைய. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, அவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தமிழ்வழியில் படித்து, வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அப்படி ஒரு பையன் மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் இருந்தான். ஒரு கேள்வி கேட்டதில்லை. ‘மந்தம்’ என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். அவன் பாஸாகாமல் போனான்.

பச்சைத் தேயிலைக் கொள்முதல் விலை இறங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவனைக் கேட்டிருந்தால், விலையும் தேவையும் பற்றி எனக்கே அவன் பாடம் எடுத்திருப்பான். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. அடுத்த ஜூனில் தமிழும் ஆங்கிலமும் கலந்து, தேயிலை விலையிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். கடைசி பெஞ்சில் சில கைகள் எழுந்தன. அவனுக்கு அது உதவவில்லை.

*

பிறகு பெயர்கள் மாறின. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் ஆயிற்று. 2018இல் ஸ்வயம் தளத்தில் இணையவழிப் புத்தொளிப் பயிற்சி வந்தது. 2020இல் கொரோனா எல்லாவற்றையும் திரைக்குள் தள்ளியது. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் தொடங்கி, 111 மையங்கள் ஆசிரியர் பயிற்சி மையங்களாயின. இலக்கு 15 லட்சம் ஆசிரியர்கள்.

இணையவழியில் லாபமும் உண்டு. மலைக் கல்லூரி ஆசிரியை கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டியதில்லை. ஆனால் கேமராவை அணைத்துவிட்டு அடுப்படியில் நிற்கலாம் என்பதும் உண்மை. “எனக்குப் புரியல சார்” என்று முகத்துக்கு நேரே சொல்ல அங்கே யாரும் இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பயிற்சி பதவி உயர்வோடு கட்டப்பட்டதால், பதவி உயர்வே இல்லாதவருக்குப் போக அவசியமும் இல்லை, அனுப்ப ஆளும் இல்லை. இன்று அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளரை, சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியம் வாங்குபவரை, யார் ஒரு மாதம் சம்பளத்தோடு அனுப்பிவைப்பார்கள்? முதல் தலைமுறைப் பிள்ளைகள் முன்னால் நிற்பவர்களில் பலர் அவர்கள்தான்.

போன மாதம் பர்லியாரில் இறங்கினேன். அந்த டீக்கடை இப்போது அவர் மகனிடம். பக்கத்து மேசையில் ஒரு இளைஞன் காதில் இயர்போன் மாட்டி, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தான். திரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன தம்பி, படமா?”

“இல்லைங்க சார், எஃப்டிபி. கெஸ்ட் லெக்சரரா இருக்கேன். லீவு கிடைக்காது, அதான் போற வழியில...”

“ஏதாச்சும் பிரயோஜனமா இருக்கா?”

அவன் இயர்போனைக் கழற்றினான். “பேசிட்டே இருக்காங்க சார். கேக்கத்தான் முடியல.”

பஸ் ஹாரன் அடித்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு ஓடினான். டீக்காசை நான் கொடுத்தேன்.