தீனபந்து: ஒரு பட்டத்தின் கதை

தெற்கு தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்றொரு குடியிருப்பு உண்டு. சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ் (1871–1940) என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர் அது. ஆனால் இந்தியா அவரைக் கூப்பிட்ட பெயர் வேறு: தீனபந்து.

தீனன் என்றால் எளியவன், கதியற்றவன். ‘தீனமான குரல்’ என்று இன்றும் எழுதுகிறோம். ‘பந்து’ என்பது கட்டுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பந்தம், சம்பந்தி எல்லாம் அதே குடும்பம். ‘இஷ்டமித்ர பந்துக்களுடன் வருக’ என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சிடுகிறோமே, அங்கே மித்திரர் வேறு, பந்துக்கள் வேறு. மித்திரர் நண்பர், பந்து உறவுக்காரர். எனவே தீனபந்து என்பதற்கு ‘ஏழைகளின் நண்பர்’ என்று பொருள் சொல்வது போதாது. எளியவரின் சொந்தக்காரர் என்பதே சரி. நண்பரைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்தம் நாம் தேர்ந்து வருவதில்லை, உதறினாலும் போவதில்லை.

முதலில் இது இறைவனின் பெயர். பக்தர்கள் கண்ணனையும் ராமனையும் இப்படி அழைத்தார்கள். பிறகு மனிதர்களின் பெயரும் ஆயிற்று. 1860இல் அவுரி விவசாயிகளின் துயரத்தை ‘நீல் தர்பண்’ நாடகத்தில் காட்டிய வங்க எழுத்தாளர் தீனபந்து மித்ரா. வேற்று மதத்தைச் சேர்ந்த, அதுவும் ஆளும் இனத்தில் பிறந்த ஒருவருக்கு அதே பெயர் பட்டமாக வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்.

தில்லியின் உருதுவில் ‘தீன்’ என்ற ஒலிக்கு இன்னொரு பொருளும் உண்டு. அரபிலிருந்து வந்த ‘தீன்’ மார்க்கத்தைக் குறிக்கும். 1857 கிளர்ச்சியில் அந்தச் சொல் போர்முழக்கமாக ஒலித்தது. தில்லியில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நகரை மீட்ட ஆங்கிலேயர் அதன் மக்களைக் கொன்றும் துரத்தியும் பழிதீர்த்தார்கள். அந்தக் காயத்தைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடிருந்தபோதே, 1904இல், காஷ்மீரி கேட்டிலிருந்த செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆண்ட்ரூஸ் ஆசிரியராக வந்தார்.

அங்கே 1857ஐக் கடந்து வந்த முதிய முஸ்லிம் அறிஞர் முன்ஷி ஸகாவுல்லாவை அவர் அடிக்கடி நாடிப்போனார். பேச்சைக் கேட்டு, பழைய தில்லியைத் தெரிந்துகொண்டார். அந்த மனிதரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி 1929இல் வெளியிட்டார். ஆங்கிலேயரே முதல்வராக இருந்துவந்த கல்லூரியில் 1906இல் சுசீல் குமார் ருத்ரா முதல்வரானபோது, அவருக்காக முன்னின்று வாதாடியவரும் ஆண்ட்ரூஸ்தான். தம்மவர் வசமிருந்த பதவியை விட்டுக்கொடுப்பதும் அன்பின் ஒரு செயல் என்று காட்டினார்.

1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர், காந்தியைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டார். வெள்ளையர் பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டு பிஜிக்குப் போய்க் கரும்புத் தோட்டக் கூலிகளின் நிலையை நேரில் பார்த்தார். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்தக்கூலி முறையை எதிர்த்து அவர் எழுதினார், பேசினார், அலைந்தார். 1920 ஜனவரி 1 அன்று பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. தில்லி மாணவர்களும் காந்தியும் பிஜித் தொழிலாளரும் அவரைத் தீனபந்து என்றே சொன்னார்கள்.

சொல் அவரோடு நிற்கவில்லை. பஞ்சாப் விவசாயிகளின் தலைவர் சோட்டு ராமுக்கும் அதே பட்டம் வந்தது.

1947, 1984, 2020 என்று மத வன்முறையில் தில்லி திரும்பத் திரும்ப ரத்தம் பார்த்த ஊர். இப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்தவர்கள் பேசும் அன்பு, தம் சபைக்காரரிடமும் சாதிக்காரரிடமும் நின்றுவிட்டால் அதற்கு அன்பு என்று பெயரில்லை. தர்மம் செய்யப் பணம் போதும். பந்துவாக இருக்க, வேறு மதத்தார் வீட்டு வாசல்படி ஏற வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், நம் இடத்தை அவருக்குத் தர வேண்டும். ஆண்ட்ரூஸ் செய்தது இவ்வளவுதான். நாமும் செய்யலாம், இப்போதே தொடங்குவோம்.