பஸ் வயிற்றில் வந்த பானெட்

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பானெட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். என்னுடைய பழைய ஃபோர்டு ஐகானின் பானெட் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. முடிச்சூர் ரோட்டில் இருக்கும் என் மெக்கானிக் புதுப்பேட்டை முழுக்க விசாரித்துப் பார்த்தார், தோதாக எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் நல்லதாக ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது.

"கூரியர்ல போட்டா கட்டுப்படி ஆகாது சார். பஸ்ல போடச் சொல்லிடறேன். நீங்க காலைல போய் இறக்கிக்கோங்க" என்றார்.

ஏன் கட்டுப்படி ஆகாது என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது விமானக் கூரியரில் வழக்கமான கணக்கு. அட்டை சுற்றிய பானெட் 140 × 120 × 20 என்று வைத்துக்கொண்டால் 67 கிலோ வருகிறது. உண்மையான எடை பதினைந்து கிலோ சொச்சம்தான். பம்பர் இன்னும் மோசம். நாலைந்து கிலோ பிளாஸ்டிக்குக்கு ஓர் ஆள் எடைக்குப் பணம் கட்ட வேண்டும். கார் சாமான்களில் பாதி இப்படித்தான், உள்ளே காற்றும் வெளியே தகடும். காற்றுக்குக் காசு கேட்காத வண்டி ராத்திரி பஸ் மட்டும்தான்.

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. கிளீனர் தம்பி டிக்கியைத் திறந்து, இரண்டு வெங்காய மூட்டைகளையும் பூக்கூடையையும் நகர்த்திவிட்டு பானெட்டை இழுத்துக் கொடுத்தான். "ஃப்ரைட் அங்கயே குடுத்துட்டாங்கண்ணே" என்று கதவைச் சாத்தினான். மொத்தம் ஒன்றரை நிமிஷம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ஒரு மூலை மடங்கியிருந்தது. கையில் இருந்த துண்டுச் சீட்டில் பஸ் நம்பரும், 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற ஒரு வரியும் மட்டும் இருந்தன.

அந்த ஒரு வரிதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. பயணிகள் பஸ்ஸில் சரக்கு எப்போது ஏறியது? அதற்கு யார் பொறுப்பு?

'எப்போது ஏறியது' என்று கேட்பதே தப்பு என்று படித்த பிறகு தோன்றியது. ஆரம்பம் முதலே இங்கே பஸ் கம்பெனியும் சரக்குக் கம்பெனியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் சர்வீஸ் தொடங்கியது 1912-இல். அதிலிருந்து வளர்ந்த குழுமத்தின் சதர்ன் ரோட்வேஸ் பஸ்ஸும் ஓட்டியது, லாரியும் ஓட்டியது. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். ஏ.பி.டி. பார்சல் சர்வீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் 'பி' என்ற எழுத்து 'பஸ்' என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் கவனித்ததில்லை.

பஸ் கம்பெனிப் பெயர் எப்படிப் பார்சல் கம்பெனிப் பெயராக நிலைத்தது? விடை 1971-72-இல் இருக்கிறது. கருணாநிதி ஆட்சியில் பெரிய பஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாகவும், கோவைப் பக்கம் ஏ.பி.டி. பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகமாகவும் மாறின. ஆனால் அந்தச் சட்டம் குறிவைத்தது பயணிகள் பஸ்ஸை மட்டும். லாரிகளும் குடோன்களும் முதலாளிகளிடமே இருந்தன. பயணிகள் அரசாங்கத்தின் பக்கமும் பார்சல் தனியார் பக்கமும் போனது இப்படித்தான். பாகப்பிரிவினைக்குப் பிறகும் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அந்த 'பஸ்' பெயரில் தங்கிவிட்டது.

சட்டப் புத்தகத்தில் இந்தப் பிரிவினை அதற்கும் முந்தையது. 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டமே ஸ்டேஜ் காரியேஜ், காண்ட்ராக்ட் காரியேஜ், பப்ளிக் காரியர் என்று தனித்தனி பெர்மிட் வைத்தது. பழைய லாரிகளின் நெற்றியில் 'பப்ளிக் காரியர்' என்று எழுதியிருக்குமே, அது இந்தச் சட்டத்தின் சொல்தான். 1988-இல் வந்த புதுச் சட்டத்தில் அந்தச் சொல் போய் 'கூட்ஸ் காரியேஜ்' வந்தது. நாம் ஆம்னி பஸ் என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் காண்ட்ராக்ட் காரியேஜ். அதன் வேலை ஆட்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிப் போவது. என் பானெட்டுக்கு டிக்கெட் எடுத்த பயணி யாரும் அந்த பஸ்ஸில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் பிரித்ததை வண்டியின் உடம்பு மறுபடி சேர்த்தது. பழைய பஸ்ஸில் சாமான் போட ஏணி ஏறி மேல் கேரியருக்குப் போக வேண்டும். மழையில் நனையும், கயிறு அவிழ்ந்தால் விழும். அங்கே மூட்டை நிற்கும், கண்ணாடி நிற்காது. 2001-இல் வால்வோ பி7ஆர் இந்தியச் சாலைக்கு வந்தது. எஞ்சின் பின்னால் போய், பயணிகள் தளம் உயர்ந்து, அடியில் பெரிய அறை கிடைத்தது. அடுத்தடுத்து வந்த உயரத் தள பஸ்களும் இந்த அமைப்பைத்தான் பின்பற்றின. பயணிகள் பைகள் போக மிச்சம் கிடக்கும் இடத்தைச் சும்மா விட எந்த முதலாளிக்கு மனசு வரும்?

மெக்கானிக்குகள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்பதற்கு விலை ஒரு பாதிக் காரணம்தான். மறு பாதியை என் மெக்கானிக் சொன்னார். "லாரி பார்சல்ல எத்தனை கை மாறுது பாருங்க. புக்கிங் ஆபீஸ்ல ஒருத்தன் தூக்கிப் போடுவான், குடோன்ல ஒருத்தன், இந்தப் பக்கம் குடோன்ல ஒருத்தன். ஹெட்லைட்டு காதெல்லாம் அங்கதான் உடையுது. பஸ்ல ஒரு ஏத்தம், ஒரு இறக்கம், அவ்ளோதான்." அவரிடம் வேறு பாடங்களும் இருந்தன. கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். கியர் பாக்ஸில் ஆயிலை முழுக்க வடித்து, ஓட்டைகளில் துணி அடைத்து, சாக்கில் கட்ட வேண்டும். ஓடின வண்டியின் பெட்ரோல் டேங்கை பஸ்ஸில் போடவே கூடாது. காலி டேங்கிலும் ஆவி நிற்கும்.

இதில் தாம்பரம் பக்கத்துக்குத் தனிக் கதை உண்டு. தெற்கே இருந்து வரும் பஸ்கள் ஜி.எஸ்.டி. சாலை வழியாகத்தான் நகரத்துக்குள் நுழைகின்றன. இந்த ஜி.எஸ்.டி. வரி அல்ல, கிராண்ட் சதர்ன் டிரங்க். அதே சாலை ஓரத்தில்தான் கார்களும் பிறந்தன. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவர்கள் தயாரிப்பு. ஹெரால்டின் பானெட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன்பக்க மட்கார்டு இரண்டோடும் சேர்ந்து ஒரே துண்டாக, முதலை வாய்போல முன்னால் சாய்ந்து திறக்கும். அதை எந்தக் கூரியரும் தொடாது. அந்த ஆலை எண்பதுகளின் கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது, இன்று அந்த நிலத்தில் ஐ.டி. வளாகம் நிற்கிறது. இன்னும் தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு. 1999-இல் ஐகான் அங்கிருந்து வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022-இல் அங்கே கடைசி காரும் இறங்கியது. என் பானெட் மதுரையிலிருந்து வரும்போது, தான் மாட்டவேண்டிய கார் பிறந்த ஊரைத் தாண்டித்தான் பெருங்களத்தூர் வந்திருக்கிறது. ஆலை மூடிய பிறகு ஒரு காரின் ஆயுள் இப்படி ஊர் ஊராகக் கிடக்கும் சாமான்களில்தான் இருக்கிறது. அவற்றைக் கோர்க்கும் நூல் இந்த ராத்திரி பஸ்கள்.

அந்த நூலும் இடம் மாறுகிறது. 2002 நவம்பரில் பஸ் நிலையம் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்தது. அடுத்த மாதமே ஆம்னி பஸ்களும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று அரசு சொல்ல, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. முடிச்சூர் மெக்கானிக்குக்குக் கிளாம்பாக்கம் கொல்லைப்புறம். புதுப்பேட்டை வியாபாரிக்கோ முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு கதவை அங்கே கொண்டுபோக ஆட்டோவுக்குக் கொடுப்பது, அங்கிருந்து மதுரைக்கு பஸ்ஸில் அனுப்பக் கொடுப்பதைத் தாண்டிவிடும் என்கிறார்கள்.

இனி அந்த 'பொறுப்பல்ல' வரி. 1865-ஆம் வருட காரியர்ஸ் சட்டம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து 2011 வரை இங்கே நடப்பில் இருந்தது. அதன் சாரம் எளிது. சரக்கு ஏற்றுபவர் கையில் பொருள் கெட்டால், அவர் கவனக்குறைவை நாம் நிரூபிக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக வந்த 2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் இதையே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் சரக்கு ஏற்றுபவர் பதிவு செய்திருக்க வேண்டும், முறையான ரசீது தர வேண்டும். பஸ் டிக்கியில் இவை எதுவும் இல்லை. நூற்றைம்பது வருஷத்துப் பாதுகாப்பு ஒரு துண்டுச் சீட்டில் காணாமல் போய்விடுகிறது. மடங்கிய மூலையை மெக்கானிக் தட்டி நேராக்கிவிட்டார், எனக்கு நஷ்டம் சில நூறு ரூபாய். கிடைத்த சாமானை நம்பி வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் வாங்கியவருக்கு அது ஒரு வாரக் கூலி.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. 2025 அக்டோபரில் கர்நூல் அருகே ஓர் ஆம்னி பஸ் எரிந்து 19 பயணிகள் இறந்தார்கள். பஸ்ஸுக்கு அடியில் சிக்கிய மோட்டார் சைக்கிள்தான் தொடக்கம். ஆனால் பார்சலாக ஏற்றியிருந்த நூற்றுக்கணக்கான கைபேசிகளின் பேட்டரிகள் தீயின் வேகத்தைக் கூட்டியதாகச் செய்திகள் வந்தன. மேலே தூங்குகிறவருக்குத் தன் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அந்தப் பெருங்களத்தூர் காலையில் எனக்கு இது தோன்றவே இல்லை. வெங்காயத்துக்கும் பூவுக்கும் அப்பால் அந்த டிக்கியின் இருட்டில் வேறு என்ன இருந்தது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் தடை செய்துவிடலாமா? அதற்கு மனசு வரவில்லை. கனடாவின் மேற்கு மாகாணங்களில் கிரேஹவுண்டு பஸ் 2018 அக்டோபரில் நின்றபோது, சின்ன ஊர்களுக்கு ஆள் போக்குவரத்தோடு பார்சல் வரவும் சேர்ந்து நின்றது. இங்கே வேறு வழி கண்ணில் தெரிகிறது. தெலங்கானா அரசு பஸ் கழகம் 2020-லும், கர்நாடகம் 2021-லும் சரக்குச் சேவையை வெளிப்படையாகத் தொடங்கின. நம் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022-இல் பஸ்ஸின் சரக்கு இடத்தை வாடகைக்கு விட ஆரம்பித்தது. எடை போட்டு, உள்ளே என்ன என்று எழுதி, பேட்டரியும் பெட்ரோலும் கலந்ததைத் திருப்பி அனுப்பி, ரசீது கொடுத்து ஏற்றினால் போதும். இதைத் தனியார் பஸ்ஸுக்கும் கட்டாயமாக்கினால் கூலி கொஞ்சம் ஏறும். நான் தரத் தயார். என் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"ரசீது குடுத்தா நல்லதுதான் சார்" என்றார், பானெட்டுக்கு பிரைமர் அடித்துக்கொண்டே. "ஆனா அஞ்சு மணி பஸ் அஞ்சு மணிக்கே வரணும். அது மாறிடக் கூடாது."