அசை படித்தலும் சொல் படித்தலும்: 1823ஆம் ஆண்டுப் பல்லாரி அறிக்கை பற்றிய ஒரு நோக்கு

தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பத்தைச் சார்ந்தவை என்று எல்லிசு எழுதிய குறிப்பு, 1816இல் ஏ.டி. காம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியாக அச்சேறியது. மொழியியலார் காம்பெல்லை அறிவது பெரும்பாலும் இந்த ஒரு செய்தியால்தான். அவரே ஏழாண்டுகள் கழித்துப் பல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்தபோது நாட்டுப் பள்ளிகளைக் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரம்பால் 1983இல் வெளியிட்ட ஆவணத் தொகுப்பு வாயிலாக அது கல்வி வரலாற்றாசிரியர்களிடையே பரவலாக அறியப்பட்டது. இங்கு அதனை ஓர் இலக்கண ஆசிரியரின் எழுத்தாகக் கொண்டு நோக்குவோம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாவட்டந்தோறும் பள்ளிகளின் விவரம் கேட்டார். காம்பெல்லின் விடை 1823 ஆகஸ்டு 17ஆம் நாளிடப்பட்டது. ஏறத்தாழ 9,27,857 மக்கள் வாழ்ந்த பல்லாரியில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள். ஆயிரவருக்கு ஏறத்தாழ எழுவர். பெண்குழந்தைகள் அறுபதின்மர் மட்டுமே. கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226, மராத்தி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. எஞ்சிய 23 அந்தணர்க்கு மட்டும் உரியவை.

எண்களைவிட அறிக்கை விவரிக்கும் பயிற்றுமுறையே நமக்கு முதன்மையானது. ஐந்து வயதில் பள்ளியில் சேரும் பிள்ளை எழுத்துகளை வாயால் ஒப்பித்து அல்ல, மணலில் விரலால் எழுதியே கற்கிறான். கை பழகிய பின் ஓலையும் எழுத்தாணியும், அல்லது நாணற்கோலும் தாளும் தரப்படும். அப்பகுதியில் மிகுதியாக வழங்கியவை கரிப்பொடி பூசிய பலகையும், கஞ்சியிட்டு மடித்துக் கரியும் பிசினும் பூசிய துணிச்சுவடியாகிய கடதமும் ஆகும். இவற்றில் பலபம் என்னும் வெண்கட்டியால் எழுதி, ஈரத்துணியால் அழிப்பர். (தமிழ்நாட்டின் வடபகுதியில் சிலேட்டுக் குச்சியைப் பலப்பம் என்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.) தனி எழுத்துகளுக்குப் பின் உயிர்க்குறிகள் மெய்யோடு சேரும் வடிவங்கள், அவற்றுக்குப் பின் ஆட்பெயர், ஊர்ப்பெயர், விலங்குப் பெயர், பின்னர் கணக்குக் குறிகள். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பர். இம்முறையின் சிக்கனத்தைக் காம்பெல் மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியதும் தகுமென்கிறார். எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் செய்து பார்த்து, 1797இல் நூலாக வெளியிட்ட 'சென்னை முறை' அப்போது அங்குப் பெயர் பெற்றிருந்தது.

இப்படிநிலை அமைப்பு இன்றைய வாசிப்பியலார்க்கும் குறைகாண அரிது. அசையெழுத்து முறையின் இயல்புக்கு ஏற்ப அசையே அலகாகிறது. அசைகளைக் கூட்டியவுடன் குழந்தைக்குத் தெரிந்த பெயர்களே சொற்களாக வருகின்றன. தன் ஊரின் பெயரை எழுதிப் படிக்கும் பிள்ளைக்கு ஒலியும் பொருளும் ஒருங்கே கிட்டுகின்றன.

முறிவு அடுத்த படியில் நிகழ்கிறது. ஊர்ப்பெயரிலிருந்து பிள்ளை நேரே காப்பியச் செய்யுளுக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அச்செய்யுள் நடை பேச்சுக்கும் அலுவலுக்கும் உரிய நடையினின்று முற்றிலும் வேறானது. நெடுங்கணக்கு ஒன்றே ஆகையால், ஒன்றைப் படிக்கத் தெரிந்தவன் மற்றதையும் படிப்பான், ஆனால் பொருள் உணரான் என்று காம்பெல் எழுதுகிறார். பிள்ளை கிளியைப் போலச் செய்யுள்களை ஒப்பிக்கிறான். அவன் இளமை சொற்களில் அன்றி அசைகளிலேயே கழிகிறது. பின்னாளில் நண்பனுக்கு எழுதும் மடலிலும் வரிதோறும் பிழை என்பது அவர் கூற்று. இரட்டை வழக்குப் பற்றிய கோட்பாட்டை ஃபெர்குசன் 1959இல்தான் வகுத்தார். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்ததே வாசிப்பு என்று கஃப்பும் டன்மரும் 1986இல் வரையறுத்தனர். இவ்விரண்டும் கூடும் இடத்தைத் தொட்டவர் காம்பெல். இலக்கணம் எழுதிய கை என்பது இங்கே தெரிகிறது.

எனினும் அவர் ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை. கன்னட, தெலுங்கு நாட்டூர்களில் பாரதமும் பாகவதமும் கூட்டத்தில் படிக்கப்பட்டன. ஒருவர் செய்யுளைப் பாட, மற்றொருவர் மக்கள் வழக்கில் பொருள் சொன்னார். பள்ளி அசையைத் தந்தது, பொருளை ஊர் தந்தது எனலாம். ஆகவே கிளி உவமை முழுதும் நேரியதன்று. ஆனால் அந்த ஊர்க்கூட்டத்தில் யார் அமர முடிந்தது என்ற வினாவையும் விடுவதற்கில்லை. பள்ளிக்கு வெளியே நின்றவர்களுள் பலர் அங்கும் வெளியேதான் நின்றனர்.

பள்ளிகள் ஏன் குன்றின என்பதில் காம்பெல்லின் விடை நேர்மையானது. ஐரோப்பிய ஆலைத்துணி வரவால் நெசவுக் குடிகள் வருவாய் இழந்தன. நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்குப் பள்ளிச் செலவு தாங்கவில்லை. கைகால் வலுக்குமுன்பே பிள்ளைகள் உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். தாம் சார்ந்த ஆட்சியின் விளைவை ஓர் ஆட்சியரே இவ்வாறு பதிவுசெய்தது அரிது. எழுத்தறிந்த பிள்ளை இல்லாத வீட்டில் கடன் சீட்டையும் வரி ரசீதையும் பிறர்தாம் படித்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதே எழுத்தாகிவிடும்.

2005 முதல் வெளிவரும் அசர் என்னும் கல்வி நிலை அறிக்கை, 2022இல் ஐந்தாம் வகுப்பு ஊரகக் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை எனக் காட்டியது.  அதன் அடிப்படை வாசிப்புச் சோதனை உரத்து வாசிப்பதையே அளக்கிறது. அச்சோதனையில் 1823ஆம் ஆண்டுப் பல்லாரி மாணவன் தேறிவிடுவான். இன்று தேறும் பிள்ளைகளுள், வீட்டில் ஒரு மொழியும் பாடநூலில் வேறொரு மொழியுமாக வளர்வோர் எத்தனை பேர் சொல்லைப் படிக்கின்றனர், எத்தனை பேர் அசையைப் படிக்கின்றனர் என்பது அந்த எண்களில் தெரிவதில்லை.