வேதாளைக் கரையில் நின்றவர்

காரியாபட்டியின் கரிசல் காட்டில் வானம் பார்த்து வாழும் நமக்குக் கடல் ஒரு விந்தையே. அண்மையில் பங்கு மக்களோடு இராமேசுவரம் தீவுக்குப் பயணமானோம். இராமநாதபுரம் கடந்து, மண்டபத்திற்கு முன்னுள்ள வேதாளை என்னும் கடற்கரைச் சிற்றூரில் இறங்கினோம்.

தெற்கே முயல் தீவு பச்சைக் கோடாய்த் தெரிந்தது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை அமைந்த 21 தீவுகளுள் அதுவும் ஒன்று. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும், கடற்புல் மேயும் கடற்பசுவும் காக்கப்பட வேண்டி, 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த பேராசைக்குப் பின், இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின.

பேராசை இக்கரைக்குப் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வேதாளையில் சிறு கோட்டை ஒன்றை வைத்திருந்தனர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களின் வழியில் அகழி வெட்டி, அவர்களிடம் வரி வாங்கினான் கோட்டைத் தலைவன். பக்தியோடு வந்தவர்களின் மனம் கொதித்தது. 1549-இல் வடுகர் படை திரண்டு வந்தது. வரி வாங்கியவர்கள் கப்பலை நோக்கி ஓடினர். கிறித்தவப் பெண்களும் பிள்ளைகளும் கரையில் தவித்தனர்.

அவர்களோடு நின்றவர் இயேசு சபைக் குருவான அந்தோனியோ கிரிமினாலி. இத்தாலி நாட்டவர், வயது 29. முத்துக்குளித்துறைப் பணிக்குப் புனித சவேரியார் அமர்த்திய தலைவர். தப்பிச் செல்ல அவருக்கும் வழியிருந்தது. அவரோ பெண்களையும் பிள்ளைகளையும் தோணிகளில் ஏற்றிவிடவே முனைந்து, ஈட்டிகளுக்கு இரையானார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே.

இதைக் கூறியதும், உடன்வந்த மூதாட்டி ஒருவர், "தப்புப் பண்ணுனவுக தப்பிச்சிட்டாக. நின்னவரு செத்துப் போனாரே, சாமி" என்றார். நம்மிடம் விடையில்லை.

மறைசாட்சி என்றதும், பிற மதத்தார் கையால் மாண்டவர் என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ஈட்டிகளைக் கூர்தீட்டியது எது? கிறித்தவர் என்று சொல்லிக்கொண்டோர் பிறருடைய வழிபாட்டில் காசு தேடியதன்றோ? தாம் செய்யாத குற்றத்தின் விலையை அடிகளார் தம் குருதியால் செலுத்தினார். குற்றத்தை மறைத்து வீரத்தை மட்டும் போற்றினால் அது பாதி வரலாறே.

மாலையில் பாம்பன் பாலத்தைக் கடந்தபோது, நமக்கு முன்னும் பின்னும் இராமேசுவர யாத்திரிகர்களின் வண்டிகள். ஒரு வண்டியிலிருந்த பிள்ளைகள் கையசைத்தனர். நம் பிள்ளைகளும் கையசைத்தனர். மூதாட்டியின் கைகளோ செபமாலையைப் பற்றியிருந்தன.