மான்சனாரஸின் புகையில்லாப் புகைபோக்கி

ஸ்பெயின் நாட்டின் லா மாஞ்சா சமவெளியில், மாட்ரிட் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் மான்சனாரஸ். 1982 முதல் 1989 வரை அவ்வூருக்கு வெளியே 195 மீட்டர் உயரமுள்ள ஒரு புகைபோக்கி நின்றது. குதுப் மினாரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான உயரம். அதிலிருந்து ஒருநாளும் புகை வந்ததில்லை. அடியில் உலையும் இல்லை, நிலக்கரியும் இல்லை. கோபுரத்தைச் சுற்றி 244 மீட்டர் குறுக்களவில், தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில், ஒளி ஊடுருவும் கூரை ஒன்று விரிந்து கிடந்தது. வெயில் அக்கூரை வழியே புகுந்து மண்ணைச் சூடாக்கும். மண் காற்றைச் சூடாக்கும். சூடேறி எடை குறைந்த காற்று நடுவிலுள்ள கோபுரத்தை நோக்கி ஓடி மேலெழும். எழும் வழியில் அது ஒரு சுழலியைச் சுழற்றிவிட்டுப் போகும். உலகின் முதல் சூரியப் புகைபோக்கி மின்நிலையம் இவ்வளவே.

எண்ணம் புதிதன்று. புகைபோக்கியில் எழும் வெப்பக் காற்றைக் கொண்டு இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றும் பொறி ஒன்றை லியனார்டோ டா வின்சி வரைந்துவைத்தார். 1903இல் ஸ்பெயின் இராணுவத்தைச் சேர்ந்த இசிதோரோ கபான்யெஸ் சூரிய வெப்பத்தால் இயங்கும் புகைபோக்கி எந்திரம் ஒன்றின் திட்டத்தை வெளியிட்டார். வட ஆப்பிரிக்காவின் மலைச்சரிவில் நெடுங்குழாய் ஒன்றைச் சாய்த்துவைத்து மின்சாரம் எடுக்கலாம் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் துபோவின் யோசனையை, 1931இல் ஹான்ஸ் குந்தர் எழுதிய செருமானிய நூல் பரப்பியது. இவை யாவும் தாளிலேயே நின்றன. தாளிலிருந்து தரைக்கு இறக்கியவர் யோர்க் ஷ்லைஹ்.

1934இல் பிறந்த ஷ்லைஹ் மின்பொறியாளர் அல்லர், கட்டுமானப் பொறியாளர். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரையை நிற்கவைத்தவர்களுள் முதன்மையானவர். ஹாம் நகருக்கு அருகே ஓர் அணுமின் நிலையத்திற்காக, எஃகு வடங்களை வலைபோல் பின்னி 180 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றையும் அவர் வடிவமைத்தார். குளிர்விப்புக் கோபுரமும் புகைபோக்கிதான். வெப்பக் காற்றின் எழுச்சியே அதையும் இயக்குகிறது. அணு உலையின் கழிவு வெப்பத்தைக் காற்றில் கரைக்கக் கட்டிய வடிவத்தையே, உலை இல்லாமல் மின்சாரம் எடுப்பதற்கு அவர் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு வேர் இந்தியாவில் இருக்கிறது. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மீது 1979இல் கட்டத் தொடங்கி 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேது, ஷ்லைஹின் வடிவமைப்பில் உருவானது. 457 மீட்டர் நடுக்கண் கொண்ட அப்பாலத்தின் எஃகுப் பாகங்கள் ரிவிட் ஆணிகளால் இணைக்கப்பட்டன. மேலை நாடுகள் பற்றவைப்புக்கு மாறிவிட்ட பிறகு பழைய முறைக்குத் திரும்பியது பிற்போக்கென்று தோன்றலாம். உள்ளூர்த் தொழிலாளரின் கை எதை நன்கறியுமோ அதைக் கொண்டே கட்டுவது என்பதே அதன் பொருள். சூரியப் புகைபோக்கியிலும் அவரை ஈர்த்தது இதுவே. கண்ணாடி, கற்காரை, எஃகு: எந்த ஏழை நாடும் தன் மண்ணில், தன் ஆட்களைக் கொண்டு உண்டாக்கக்கூடிய பொருள்கள். குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம். பாலைவனத்திற்கு அதைவிடப் பெரிய சலுகை இல்லை. 1995இல் வெளிவந்த தம் நூலிலும் வறுமை, மக்கள்தொகை, ஆற்றல் மூன்றையும் ஒன்றாகவே வைத்து அவர் வாதிட்டார்.

1970களின் எண்ணெய் நெருக்கடிகள் மேற்கு செருமனியின் ஆய்வு அமைச்சகத்தின் பணப்பையைத் திறந்தன. நிலத்தை ஸ்பெயினின் மின்நிறுவனம் ஒன்று தந்தது. மூன்றாண்டு சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட பணம் என்பதால் எல்லாவற்றிலும் சிக்கனம். கோபுரம் கற்காரையால் அன்று, 1.25 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டால் ஆனது. உச்சிப் பகுதியை முதலில் தரையில் செய்து, நீரியல் தூக்கிகளால் உயர்த்தி, அதன் அடியில் அடுத்த பகுதியை இணைத்து, மீண்டும் உயர்த்தி, இவ்வாறே 195 மீட்டர் வரை வளர்த்தார்கள். பத்து மீட்டர் அகலமுள்ள அம்மெல்லிய குழாயை நிமிர்த்தி நிறுத்தியவை மூன்று திசைகளில் கட்டப்பட்ட இழுகம்பிகள். மூன்றாண்டுக்குத்தானே என்று அவற்றுக்குத் துருக்காப்புச் செய்யவில்லை.

நிலையம் தன் பங்கைக் குறைவின்றிச் செய்தது. அதன் உச்சத்திறன் 50 கிலோவாட். 1986 நடுவிலிருந்து 1989 தொடக்கம் வரை 32 மாதங்கள், காலையில் தானே எழுந்து மாலையில் தானே அடங்கும் தானியங்கியாக அது ஓடியது. 1987ஆம் ஆண்டுக் கணக்கு குறிப்பிடத்தக்கது. மின்சாரம் எடுக்கப் போதுமான வெயில் அவ்வாண்டு 3,067 மணி நேரம் அடித்தது. நிலையமோ 3,157 மணி நேரம் மின்சாரம் தந்தது. கிடைத்த வெயிலைவிட அதிக நேரம். அதில் 244 மணி நேரம் இரவுப் பொழுது. பகலில் மண் குடித்த வெப்பத்தை இரவில் திருப்பிக் கொடுத்ததால் விளைந்த மிகுதி இது. மின்கலமும் இல்லை, எண்ணெயும் இல்லை, வெறும் மண்.

அதே ஆண்டின் மற்றொரு கணக்குதான் இக்கோபுரத்தின் தலையெழுத்து. மொத்த உற்பத்தி ஏறத்தாழ 44,000 யூனிட். கூரையின் பரப்பு 46,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு, ஆண்டு முழுவதும் சேர்த்து, ஒரு யூனிட் கூட இல்லை. இன்றைய சூரியத் தகடு ஒன்றை அதே வெயிலில் வைத்தால், அதே பரப்பில் இருநூறு யூனிட்டுக்கு மேல் தரும்.

இது கட்டியவர்களின் பிழையன்று, இயற்பியலின் விதி. சூடான காற்றின் ஆற்றலில் எவ்வளவு எழுச்சியாக மாறும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோபுரத்தின் உயரம் ஒன்றே. 100 மீட்டருக்கு ஒரு விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. 195 மீட்டருக்கு 0.65 விழுக்காடு. 1,000 மீட்டருக்கு எட்டினாலும் 3.3 விழுக்காடுதான், கூரையிலும் சுழலியிலும் ஏற்படும் இழப்புகள் அதற்கு மேல். ஆகவே சிறிய சூரியப் புகைபோக்கி என்பது பொருளாதாரத்தில் இல்லாத ஒன்று. பயன்தர வேண்டுமானால் கோபுரம் ஒரு கிலோமீட்டர் உயர வேண்டும். கூரை பல கிலோமீட்டர் விரிய வேண்டும். ஷ்லைஹ் இதை மறைத்தவர் அல்லர். மான்சனாரஸ் ஒரு மாதிரி மட்டுமே என்றும், உண்மையான நிலையம் கற்காரையால் ஆன பெருங்கோபுரமாகவே இருக்கும் என்றும் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார்.

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. மாற்று ஆற்றலின் மீது அரசுகளுக்கிருந்த அவசரமும் அதனுடன் சரிந்தது. மூன்றாண்டுக்கெனக் கட்டிய கோபுரம் ஏழாண்டு நின்றது. 1989இல் வீசிய புயலில், துருப்பிடித்திருந்த இழுகம்பிகள் அறுந்து அது சாய்ந்தது. காற்றாலைகளை அரக்கர்களென்று எண்ணிப் பாய்ந்த தொன் கிஹோத்தே பிறந்த அதே லா மாஞ்சாவில், காற்றாலேயே இயங்கிய அரக்கனொன்று காற்றாலேயே வீழ்ந்தது.

அதன் பிறகு நடந்தவை பெரும்பாலும் அறிவிப்புகள். 1990களில் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் 200 மெகாவாட் நிலையம் ஒன்று பேசப்பட்டது, எழவில்லை. 2000களில் ஆஸ்திரேலியாவின் மில்டூரா பகுதியில் 1,000 மீட்டர்க் கோபுரம் அறிவிக்கப்பட்டு, அத்திட்டம் பின்னர் அமெரிக்காவின் அரிசோனாவுக்கு இடம்பெயர்ந்து, அங்கும் நிற்கவில்லை. சீனாவின் உள் மங்கோலியாவில் வூஹாய் அருகே 2010இல் 200 கிலோவாட் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் கோபுரம் 50 மீட்டர்தான். மான்சனாரஸின் உயரத்தை இன்றுவரை எதுவும் தாண்டவில்லை.

காரணத்தைத் தொழில்நுட்பத்தில் தேடுவதைவிட வட்டியில் தேடுவது சரியாக இருக்கும். இந்நிலையத்திற்கு எரிபொருள் இலவசம், பராமரிப்பும் சொற்பம். செலவு முழுவதும் முதல் நாளிலேயே கண்ணாடியிலும் கற்காரையிலும் புதைந்துவிடுகிறது. அதன் மின்சார விலை என்பது பெருமளவு அந்தக் கடனுக்கான வட்டியே. குறைந்த வட்டிக்குக் கடன் பெறக்கூடிய செல்வ நாடுகள் பலவற்றில் வெயில் போதாது. வெயில் கொளுத்தும் ஏழை நாடுகளுக்குக் கிடைக்கும் கடனோ வட்டி மிகுந்தது. ஏழைகளுக்கென எண்ணிய எந்திரம் ஏழைகளின் வட்டி விகிதத்தில் சிக்கிக்கொண்டது. புர்ஜ் கலீஃபாவைவிட உயர்ந்த ஒன்றை, முன்மாதிரி இல்லாமல், முதலில் கட்டும் துணிவு எந்த வங்கிக்கும் வரவில்லை. சூரியத் தகட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கணிப்பானில் ஒன்று, கூரையில் பத்து, வயலில் ஆயிரம் என்று அது வளர முடிந்தது. தவறினால் இழப்பு சிறிது. ஒவ்வொரு தவறும் அடுத்ததை மலிவாக்கியது. புகைபோக்கிக்குத் தவறிக் கற்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதே தார்ப் பாலைவனத்தில், அன்றைய ஜோத்பூர் மாவட்டத்தின் பட்லாவில், 2017 மே மாதம் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. இன்று அங்கே 2,245 மெகாவாட் திறனுக்குத் தகடுகள் பரவிக் கிடக்கின்றன. பொழுது சாய்ந்ததும் அவை ஓய்ந்துவிடும். நாட்டின் மாலை விளக்குகள் பெரும்பாலும் நிலக்கரியை நாடும். இரவுக்கென, கூரைக்கு அடியில் நீர் நிரப்பிய கருங்குழாய்களைப் பரப்பிப் பகல் வெப்பத்தைத் தேக்கும் ஏற்பாடு ஷ்லைஹின் பிற்காலத் திட்டங்களில் இருந்தது. 2021 செப்டம்பரில், தம் 86ஆம் வயதில், அவர் மறைந்தார்.