வலது காதுக்கு ஒரு சைஸ், இடது காதுக்கு ஒரு சைஸ்

எங்க வீட்டு மேஜை இழுப்பறையில ஒரு பழைய இனிப்பு டப்பா இருக்கு. உள்ளே பாம்புக்குட்டி மாதிரி பின்னிக்கிட்டுக் கிடக்கிற இயர்போன்கள் ஒரு டஜன் தேறும். எல்லாமே ஒரே காரணத்தால அங்கே போய்ச் சேர்ந்தவை. இடது காதுல சமர்த்தா உட்காரும். வலது காதுல வெச்ச அஞ்சாவது நிமிஷம் நழுவித் தோள்ல விழும்.

இதுல என்னய்யா பெரிய கஷ்டம்னு கேப்பீங்க. இருக்கு. தினமும் ஒண்ணரை மணி நேரம் பஸ், அதுவும் என்ஜினுக்குப் பக்கத்து சீட்டு. தொளதொளன்னு நிக்கிற குமிழ் வழியா பஸ் சத்தம் மொத்தமும் உள்ளே வரும். அதை அமுக்கறதுக்காக நான் வால்யூமை ஏத்துவேன். பத்து வருஷம் இப்படியே ஓடிச்சு. ஒரு நாள் ராத்திரி படுத்தா காதுக்குள்ள 'கொய்ங்ங்'னு ஒரு சத்தம், விடியிற வரைக்கும் நிக்கலை. காது டாக்டர் சோதனை பண்ணிப் பார்த்துட்டு, "மேல் சுருதியில கொஞ்சம் போயிருக்கு. போனது வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க"ன்னார். 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் பெரியவங்க காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளன்னு குறையும். நான் எந்தக் கணக்குல இருந்தேன்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருந்தது.

அப்புறம் வாங்கின போன்ல இயர்போன் ஓட்டையே கிடையாது. ஆக ஒயர் இல்லாததுதான் வாங்கியாகணும். இப்பவே வாங்கறதா, அடுத்த மாடல் வரட்டுமா? வாங்கினா காதுல நிக்குமா? இந்த ரெண்டு கேள்விக்கும் விடை தேடப் போய்த்தான் இந்தச் சரித்திரத்தைக் கிளறினேன். (தங்கமணி: "ஒரு இயர்போன் வாங்க ஆராய்ச்சி பண்ற ஒரே ஆள் நீங்கதான்.")

கொசுவத்தியை 1891 வரைக்கும் பின்னாடி சுத்தணும். எர்னெஸ்ட் மெர்காதியேன்னு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர். தொலைபேசி வேலை பார்க்கிறவங்களுக்காக ரெண்டு காதுக்குள்ளேயும் செருகிக்கிற கருவி ஒண்ணுக்கு அந்த வருஷம் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். எடை ஒன்றே முக்கால் அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது 50 கிராமுக்குள். எனக்கு ஆச்சரியமா இருந்தது எடை இல்லை. காது துவாரத்துல உரசி வலிக்காம இருக்கவும், வெளிச்சத்தம் உள்ளே வராம அடைக்கவும் முனையில ரப்பர் உறை போடணும்னு அந்த மனுஷன் அப்பவே எழுதி வெச்சிருக்கார். இன்னிக்கு டப்பாவுக்குள்ள சிலிகான் மூடின்னு தர்றாங்களே, கிட்டத்தட்ட அதேதான். 130 வருஷத்துக்கு மேல ஆச்சு!

ஆனா உலகம் அந்த வழியில போகலை. 1910ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல நதானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில செஞ்ச ஹெட்போனை அமெரிக்கக் கடற்படை வாங்கிச்சு. தலைக்கு மேல வளைவா ஒரு பட்டை, காதை மூடற மாதிரி ரெண்டு கிண்ணம். 1958ல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் கொண்டுவந்த ஸ்டீரியோ ஹெட்போனும் அதே ஜாதி. காதுக்குள்ள போடறதை விடாம பிடிச்சுக்கிட்டவங்க காது கேட்கும் கருவி செய்றவங்கதான். அவங்க ஒவ்வொருத்தர் காதுக்கும் அச்சு எடுத்துச் செய்வாங்க. உங்க காது வேற, என் காது வேறங்கிறது அவங்களுக்குத் தெரியும்.

1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தது. 33,000 யென். நம்மூர்ல வளைகுடாவிலிருந்து வந்த சித்தப்பா, மாமா தயவுல பார்த்தவங்க நிறையப் பேர் இருப்பீங்க. அதோட வந்ததும் தலைப்பட்டை ஹெட்போன்தான். 1982ல் சோனியே பட்டையைத் தூக்கிப்போட்டுட்டு, காது மடல் குழியில தொத்திக்கிற சின்னக் குமிழ் கொண்டுவந்தது. அதுல துவாரத்தை அடைக்கிற பேச்சே இல்லை, சும்மா தொத்திக்கிட்டு நிக்கும். 2001ல் ஐபாட் வந்தப்போ கூடவே கொடுத்த வெள்ளைக் குமிழும் இந்த வம்சம்தான். என் இனிப்பு டப்பாவில் முக்கால்வாசி இந்த வம்சம்தான்.

இதுக்கு நடுவுல அமெரிக்காவுல எடிமோட்டிக் ரிசர்ச்னு ஒரு கம்பெனி, காது பரிசோதனைக்காகச் செஞ்ச செருகு இயர்போன் அனுபவத்தை வெச்சு 1991ல் பாட்டு கேக்க ஒண்ணு விட்டது. துவாரத்தை அடைச்சாத்தான் கீழ் சுருதி கசியாம கேக்கும், வெளிச்சத்தம் குறையும், அதனால வால்யூமும் குறைவா வெச்சுக்கலாம். இது என் காதுல அப்ப விழாமப் போச்சே!

சரி, ஒயர் போன கதைக்கு வருவோம். ஸ்வீடன்ல லுண்ட் நகரத்து எரிக்சன் ஆபீஸ்ல 1994ல் தொடங்கினதுதான் ப்ளூடூத். அதுல ஸ்டீரியோ பாட்டு அனுப்பற முறை 2003ல் வந்தது. அப்பவும் ரெண்டு காதுக்கும் நடுவுல ஒரு ஒயர் இருந்தது. அதையும் அறுக்கறதுதான் கஷ்டம். ஏன்னா ப்ளூடூத்தோட ரேடியோ அலையைத் தண்ணி உறிஞ்சிடும். நம்ம மண்டையில பெரும்பகுதி தண்ணிதானே! (வேற ஒண்ணும் இல்லைன்னு தங்கமணி சொல்வாங்க.) ஜெர்மனியின் மியூனிக்ல பிராகிங்கிற கம்பெனி 2014ல் பொதுமக்கள்கிட்ட முன்பணமா 33 லட்சம் டாலருக்கு மேல திரட்டி, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குக் காந்தப்புலம் வழியா சத்தம் அனுப்பி இதைச் சாதிச்சது. முன்பணம் போட்டவங்க 2016 ஜனவரி வரைக்கும் காத்திருந்தாங்க.

அதே 2016 செப்டம்பர்ல ஆப்பிள், ஐபோன் 7ல இயர்போன் ஓட்டையை எடுத்துட்டு ஏர்பாட்ஸ் அறிவிச்சது. 159 டாலர், இந்தியாவுல 15,400 ரூபாய். அக்டோபர்ல வரும்னு சொன்னது டிசம்பர்லதான் கைக்கு வந்தது. அதோட உருவம் 2012ல் வந்த ஒயர் இயர்பாட்ஸ் உருவம்தான், நிறையப் பேர் காதை அளந்து செஞ்சதாகச் சொன்னது. அளந்து என்ன, கடைசியில செஞ்சது ஒரே சைஸ். நின்னவங்களுக்கு அற்புதம், நிக்காதவங்களுக்கு வேற வழியில்லை. 2019 மார்ச்ல ரெண்டாவது ஏர்பாட்ஸ் வந்தது, அதே உருவம். அதே வருஷம் அக்டோபர்லதான் 249 டாலர் ஏர்பாட்ஸ் புரோ வந்தது. மூணு சைஸ் சிலிகான் மூடி, சரியா அடைச்சிருக்கான்னு உள்ளே இருக்கிற மைக்கை வெச்சுப் பார்க்கிற சோதனையும் உண்டு. 2022ல் மூடி நாலு சைஸ் ஆச்சு, 2025ல் அஞ்சு. மெர்காதியே எங்கேயிருந்தாலும் சிரிச்சிருப்பார்.

இப்ப என் முதல் கேள்வி. காத்திருந்தது லாபமா நஷ்டமா? ஒரே சைஸ் நிக்காத காதுக்காரனுக்கு 2016லிருந்து 2019 வரை காத்திருந்ததுல நியாயம் இருக்கு. மார்ச்ல அவசரப்பட்டவங்க ஏழே மாசம் பொறுத்திருக்கலாம். ஆனா அதுக்கப்புறமும் நான் காத்திருந்ததெல்லாம் வெறும் நப்பாசை. வருஷா வருஷம் ஏதோ ஒண்ணு கூடும், அதுக்கு முடிவே கிடையாது.

இன்னொரு பக்கம், பேட்டரி நமக்காகக் காத்திருக்காது. முதல் ஏர்பாட்ஸ்ல ஒரு காதுக்குள்ள இருந்தது 93 மில்லிவாட் மணி, ஐபோன் 7 பேட்டரியில எண்பதுல ஒரு பங்கு. அவ்வளவு குட்டிப் பேட்டரி தினமும் நிரம்பித் தீர்ந்தா ரெண்டு மூணு வருஷத்துல தேயத்தான் செய்யும். கோந்து போட்டு ஒட்டினதால பிரிச்சு மாத்தவும் முடியாது. கடை அலமாரியில சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயசாகும். அதனால புது மாடல் வந்ததும் பழைய மாடலைத் தள்ளுபடியில வாங்கறது நல்ல யோசனைதான், ஆனா தயாரிச்ச மாசம் பார்க்கணும். இன்னிக்கு மலிவுன்னு வாங்கி அடுத்த வருஷம் திறக்கலாம்னு பரண்ல வைக்கறது மட்டும் வேண்டாம்.

கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை கடைக்குப் போய், மூணு சைஸ் மூடியோட வர்ற நடுத்தர விலை ஜோடி ஒண்ணு வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாமே, உங்க காது வேற. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி உக்காந்தேன். எதிர்க்கையால காது மடலை மேலயும் பின்னாடியும் இழுத்துப் பிடிச்சுச் செருகணும், துவாரம் நேராகும். அப்புறம் வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு முனகிப் பார்த்தேன். குடத்துக்குள்ள பேசற மாதிரி நம்ம குரலே அதிர்ந்தா அடைச்சிருக்குன்னு அர்த்தம். இடது காதுல நடு சைஸ் உடனே அதிர்ந்தது. வலதுல இல்லை. இத்தனை வருஷம் என் வலது காது பெருசுன்னு நினைச்சுக்கிட்டு பெரிய மூடியா திணிச்சுப் பார்த்தேன். பிதுங்கி வெளியே வந்தது. கடைசியா சின்ன சைஸைப் போட்டா, கச்சிதம். முறுக்கு கடிச்சுப் பார்த்தேன், அசையலை.

மறுநாள் பஸ்ல அதே என்ஜின் சீட்டு. வால்யூம் பாதிக்கும் கீழே, பாட்டு தெளிவா கேட்டது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கண்டக்டர் கத்தினதுதான் கேக்கலை, அடுத்த ஸ்டாப்லேர்ந்து நடந்து வந்தேன். கொய்ங் சத்தம் ராத்திரியில இன்னும் இருக்கு, கூடலை. மிச்சம் இருந்த மூடிகளை அந்த இனிப்பு டப்பாவுலேயே போட்டு வெச்சிருக்கேன்.